டமார் சாரும் ஹைட்ரஜனும்

வேதியியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் டமார் சார். அதில் அவருக்கு உள்ளுக்குள் ஏகப்பட்ட பெருமை. இருபத்திரண்டு வருடமாக அதே துத்தநாகத் துண்டுகள், அதே அமிலம், அதே ஜோக். ஹைட்ரஜன் வெடித்தால் கைதட்டல் வரும். சமன்பாட்டுக்கு எவன் கைதட்டுவான்? இத்தனை வருடத்தில் ஒரு குடுவைகூடச் சிதறாதது வெறும் அதிர்ஷ்டம். அவரோ அதைத் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்த தற்காலிக ஆசிரியைக்கு அவரைக் கண்டாலே இளக்காரம். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். ஒவ்வொரு செய்முறையையும் மூன்று தடவை எழுதிப் பார்த்துப் படித்தவள். ஆனால் அவர் நல்லபடியாக அறிக்கை எழுதினால்தான் வேலை நிரந்தரம். "ஆமா சார்" சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அவரைவிடத் தன்மேல்தான் அவளுக்கு இளக்காரம் அதிகம்.

அன்று ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குடுவையில் அமிலம் நுரைத்தது. உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறாமல் குடுவையின் குழாய் முனையில் நெருப்பு வைத்தால் குடுவையே வெடித்துச் சிதறும். முதலில் சின்னச் சோதனைக்குழாயில் கொஞ்சம் வாயுவைப் பிடித்துத் தள்ளிக் கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும். கீச்சென்று கத்தினால் காற்று கலந்திருக்கிறது; அமைதியாக எரிந்தால்தான் மேலே போகலாம்.

சார் கொளுத்தினார். கீச்!

"பாத்தீங்களாடா? வந்துடுச்சு!"

வேண்டாம் என்ற எச்சரிக்கையை வரவேற்பாக எடுத்துக்கொள்ள இந்த மனுஷனால்தான் முடியும்.

"சார், இன்னும் காத்து இருக்கு. கொஞ்ச நேரம் போகட்டும்," என்றாள்.

"டீச்சரம்மாவுக்கு இப்பவே கை நடுங்குது," என்றார். வகுப்பு சிரித்தது. "எனக்கேவாம்மா?"

முன்வரிசைச் சிறுமி மேஜையில் தாடையை வைத்து, குடுவைக்கு ஒரு சாண் தூரத்தில் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் ஆசிரியைக்கு முதலில் ஞாபகம் வந்தது அறிக்கைதான். சீ, என்று இருந்தது. அவர் அடுத்த குச்சியைக் கிழித்துக் குழாய் முனைக்குக் கொண்டுபோனார். அவள் எட்டிக் குனிந்து ஊதி அணைத்தாள்.

"எல்லாரும் பின்னாடி சுவரோரமா போங்க. நீயும்தான் பாப்பா, எழுந்திரு!"

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி.

"புதுசு மேடம். பயந்தாங்கொள்ளி."

அவள் காத்திருந்து மறுபடி சோதித்தாள், சத்தமில்லை. பிறகு குழாய் முனையில் நெருப்பு வைத்தாள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத சுடர் ஒன்று நின்று எரிந்தது.

"அவ்ளோதானா டீச்சர்?" என்றான் ஒருவன். அதிகாரி அம்மா கொட்டாவி விட்டார்.

மறுநாள் சார் அறிக்கையை நீட்டினார். 'செய்முறை விளக்கத்தில் ஆர்வம் இல்லை. நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கவில்லை.'

"படிச்சுட்டு கையெழுத்து போடும்மா."

ஆமா சார் வாய்வரை வந்தது. விழுங்கினாள்.

"இன்னொரு வரி சேருங்க சார். யாருக்கும் அடி படலைன்னு."

"என்னைக்கும்மா பட்டிருக்கு?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.