புதன்கிழமையின் முதல் தட்டு

என் கைப்பையில் பர்ஸ் இல்லாமல் போகலாம், வீட்டுச் சாவி இல்லாமல் போகலாம். இரண்டு ஊசிகள் இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. ஒன்று சொதப்பினால் இன்னொன்று. என் மகளுக்கு முந்திரி, பிஸ்தா, வால்நட், வேர்க்கடலை நான்கும் ஆகாது. ஆகாது என்றால் கொஞ்சம் அரிக்கும், வயிறு வலிக்கும் என்கிற ஆகாது இல்லை. முதலில் உதடு வீங்கும், அடுத்து தொண்டை அடைக்கும், உடனே அந்த ஊசியைத் தொடையில் போட வேண்டும். அதனால் ஒன்பது வயது வரை அவள் எந்தக் கடையிலும் ஓர் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டதில்லை.

என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்பவர்கள் உண்டு. முதல் ஆள் என் கணவர். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார். அவர் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம். நானோ சாஃப்ட்வேரில் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். எழுதியவர் வந்து எல்லாம் சரியாக ஓடுகிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு வேலையே ஆரம்பம். வீட்டிலும் அதே புத்திதான், என்ன செய்ய.

ஆனால் பிறக்கும்போதே இப்படி இல்லை. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, சான்டா கிளாராவில் எங்கள் அபார்ட்மெண்ட்டின் மாடி வீட்டில் கொலுவுக்கு அழைத்திருந்தார்கள். மகன் வீட்டில் ஆறு மாதம் தங்க வந்திருந்த ஆன்ட்டிதான் சமையல். செருப்பைக் கழற்றும்போதே அவரிடம் முந்திரி ஆகாது என்று சொன்னேன். தலையை ஆட்டினார். குழந்தைக்குக் கேசரி கொடுத்தார். நான் வெற்றிலை பாக்கை வாங்கித் திரும்புவதற்குள் மகளின் கீழுதடு தடித்துவிட்டது.

அன்று எமர்ஜென்சியில் நாலு மணி நேரம் இருந்தோம். அந்த ஆன்ட்டியும் அழுதுகொண்டே வந்து நின்றார். "முந்திரிய ஒண்ணு விடாம பொறுக்கி எடுத்துட்டுத்தானேம்மா குடுத்தேன்?" என்றார். முந்திரியை வறுத்த நெய்யிலேயே ரவையையும் வறுத்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் முந்திரியைச் சாமானாக நினைக்கிறோம்? அது மேலே வைக்கிற நகை. கழற்றிவிட்டால் போய்விட்டது என்று நினைக்கிறோம். அவர் மேல் தப்பில்லை என்று இன்றைக்கு எழுதலாம். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். அதன் பிறகு அந்த மாடிப்படியில் நான் ஏறவில்லை.

அதிலிருந்து ஆரம்பித்தது கேள்வி கேட்பது. அதே எண்ணெயா, அதே கரண்டியா, கத்தியைக் கழுவினீர்களா, எந்த ஸ்பாஞ்சால் கழுவினீர்கள். இந்தியன் ஸ்டோருக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்வீட் கடையில் ஒரு அங்கிள், "இது வெறும் பால்தாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே, கையிலிருந்த கத்தியால் முந்திரி கத்லியை வெட்டிக்கொண்டிருந்தார். தமிழிலேயே எனக்குப் பிடிக்காத இரண்டு வார்த்தைகள் உண்டென்றால் அது இந்த 'ஒண்ணும் ஆகாது'தான்.

ஒன்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். சைக்கிள் கேட்பாள் என்று நினைத்தேன். "ஐ வான்ட் டு பாயின்ட் அட் சம்திங்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். அந்த ஸ்வீட் கடையில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கண்ணாடி மேல் விரலை வைத்து, அது வேண்டும் என்று காட்டுவார்கள். அங்கிள் ஒரு காகிதத்தால் அதை எடுத்துக் கையில் கொடுப்பார். நான் சாமான் வாங்கி வரும்வரை இவள் காரில் அப்பாவோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை அப்படிக் காட்ட வேண்டுமாம். நான் சிங்க்குப் பக்கம் திரும்பி, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஆபீஸில் பக்கத்து மேசைப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு கடையைச் சொன்னாள். தெற்கே ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினால் அவள் பிறந்த சின்ன ஊர். அங்கே ஒரு ஜப்பானிய இனிப்புக் கடை, மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. வேகவைத்த அரிசி மாவை இடித்து, உள்ளே பயறுப் பூரணம் வைத்து உருட்டுவார்கள். அரிசி, பயறு, சர்க்கரை, அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் இன்னும் என்னவோ இருக்கிறது என்றுதான் எனக்குப் படும்.

மகளிடம் சொல்லி ஆசை காட்டக் கூடாது. ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும் பூண்டு வயல்கள். பிறகு ஒரே ஒரு கடைத்தெரு. ஆணி, சுத்தியல் விற்கும் கடை, லாண்டரி, அடுத்தது இது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை, ரோஸ், பச்சை என்று எலுமிச்சை அளவில் வரிசை வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரு பிசிறில்லை. இவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்கு ஒப்பவில்லை. அதைவிட மோசம், எதிலும் லேபிள் இல்லை. லேபிள் இல்லாத பண்டம் எனக்கு மொட்டைக் கடிதம் மாதிரி.

கல்லாவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா நின்றார். கட்டை நரைமுடி, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரின் ஆங்கிலம். பின்னால் ஒரு துணித் திரை, அதற்குள் யாரோ மாவைத் தட்டும் சத்தம். நான் ஃபோனைத் திறந்து என்னுடைய பதினேழு கேள்விகளையும் ஆரம்பித்தேன். ஆறாவது கேள்வியில் அவர் கையை உயர்த்தி, "கவுன்டி சுகாதார அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் கடை வைக்கப் போகிறீர்களா?" தட்டும் சத்தம் நின்றது. திரையை விலக்கி, கையெல்லாம் மாவாக ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார், அவருடைய கணவராம். நான் இவர்களைச் சந்தேகப்பட்டு வந்தால், இவர்கள் என்னைச் சந்தேகப்படுகிறார்கள்.

வேறு வழியில்லாமல் மகளைப் பற்றிச் சொன்னேன். கைப்பையைத் திறந்து ஊசிகளையும் காட்டினேன். அந்த அம்மா ஊசிகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மன்னியுங்கள், இன்றைக்கு உங்களுக்கு எதையும் விற்க மாட்டேன்" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை தூரம் ஓட்டி வந்தவளைக் கடையை விட்டு அனுப்புகிறார். சின்ன ஊர்க் கடைக்குள் நம் நிறத்தோடு நுழைகிறவர்களுக்கு ஒரு நினைப்பு வரும். அது எனக்கும் வந்தது. ஏன் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டேன். அவர் குரல் உயரவில்லை. சனிக்கிழமைகளில் பீனட் பட்டர் வைத்து ஒரு வகை செய்கிறோம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். விடிகாலையிலிருந்து அதே மேசையில், அதே கைகளால் அதைத்தான் உருட்டுகிறோம். "துடைத்திருக்கிறோம். ஆனால் துடைத்தது உங்கள் மகளுக்குப் போதும் என்று நான் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

காரில் வந்து உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணத் தோன்றவில்லை. கேசரி ஆன்ட்டி, ஸ்வீட் கடை அங்கிள், கேக் கடைக்காரர், பள்ளிக்கூட கேன்டீன் என்று ஆறு வருஷமாக எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, தொல்லை விட்டால் போதும் என்று சொல்லியிருப்பாரோ என்றுதான் ஓடியது.

அப்போது அவரே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். கையில் ஒரு பழுப்புக் காகிதப் பை, அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தார். திங்கள், செவ்வாய் கடை விடுமுறை. திங்களன்று மேசை, பாத்திரம், திரை எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவுவார்கள். புதன்கிழமை முதல் தட்டில் வெறும் அரிசியும் பயறும்தான். வால்நட் டப்பாவைப் பத்து மணிக்கு மேல்தான் திறப்பார்கள். "ஒன்பது மணிக்கு வாருங்கள். முந்தின நாள் ஃபோன் பண்ணுங்கள். நான் வேண்டாம் என்றால் வராதீர்கள்" என்றார்.

நான் ஒரு தடவையா ஃபோன் பண்ணினேன்? ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு ஒரே பதில் வருகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில், எனக்கே அலர்ஜி என்று சொல்லிக் கேட்டேன். மத்தியானம் கல்யாணத்துக்கு வேண்டும் என்று கேட்டேன். சாயங்காலம் குரலைக் கனமாக்கி, பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ஊசி வைத்திருக்கும் அம்மாதானே? பதில் மாறவில்லை" என்றார். மானம் போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் சொந்தக் குரலில் கேட்டேன். வாருங்கள் என்றார்.

புதன்கிழமை லீவு போட்டோம். கணவர் ஓட்டினார், நான் பின்சீட்டில் மகள் பக்கத்தில். கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினோரு நிமிஷம் என்று முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன்.

"அதான் நாலு தடவ கேட்டுட்டியே, இன்னும் என்ன?" என்றார் கணவர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து.

"நீங்க ரோட்டப் பாத்து டிரைவ் பண்ணுங்க."

மகளிடம் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். அவள் குதிக்கவில்லை. "இஸ் திஸ் எ மேபி?" என்றாள்.

"மேபிதான்" என்றேன்.

கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' என்ற அட்டை தொங்கியது. எங்களுக்காக மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு தட்டு, மற்ற அடுக்குகள் எல்லாம் காலி. அந்த அம்மா கட்டியிருந்த புது ஏப்ரனில் மடிப்பு இன்னும் கலையவில்லை. பெரியவர் திரைக்கு வெளியே வந்து, வெந்நீரில் சிவந்த இரண்டு கைகளையும் நகம் தெரியும்படி நீட்டிக் காட்டினார்.

மகள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கையிரண்டும் முதுகுக்குப் பின்னால். எதையும் தொடாதே என்று நான்தான் பழக்கியிருந்தேன். எது வேண்டும் என்று அந்த அம்மா குனிந்து கேட்டார். மகள் காட்டவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மேலே தூவியிருப்பது என்ன? அதே மேசையா? அதே கத்தியா? எந்த ஸ்பாஞ்ச்? என் கேள்விகள், என் வரிசை, நான் மூச்சு விடுகிற இடத்தில்கூட அவளும் மூச்சு விட்டாள். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. அந்த அம்மா பதினேழுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பிறகு மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா?" என்றாள்.

இத்தனை வருஷமும் ஊரெல்லாம் கேள்வி கேட்டவள் நான். இப்போது பதில் நான் சொல்ல வேண்டும். வேண்டாம், போகலாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம். கைப்பைக்குள் ஊசியைப் பிடித்துக்கொண்டேன். ஒண்ணும் ஆகாது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

"சாப்பிடு. நான் இருக்கேன்" என்றேன்.

அவள் வலது கையை முன்னால் கொண்டுவந்து, கண்ணாடியில் விரலை வைத்தாள். "தட் ஒன்." ரோஸ் நிறம். அந்த அம்மா ஒரு காகிதத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மகள் ஓரத்தில் கடித்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். கணவர் சுவரிலிருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்தார். வெளுத்ததெல்லாம் பால் என்கிறவரின் காதோரமும் வியர்த்திருந்தது.

"இட் டேஸ்ட்ஸ் லைக் பீன்ஸ்" என்றாள் மகள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். பயறு தின்னவா இவ்வளவு தூரம் வந்தோம்! ஆனாலும் முழுசாகத் தின்றாள். பச்சையையும் காட்டி வாங்கிக்கொண்டாள். ஏழு நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. முதல் இருபது நிமிஷம்தான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் இரண்டு மணி நேரம் அந்த ஊரை விட்டு நகர்வதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். அவள் கீழுதட்டின் நடுவில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. அது மாவுதானா, வீக்கமா என்று குனிந்து பார்த்தேன்.

"அம்மா, ஸ்டாப் லுக்கிங் அட் மை மவுத்" என்றாள். பிறகு மெதுவாக, அவளுக்குத் தெரிந்த தமிழில், "நீயும் சாப்பிடு" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆறு வருஷமாக அவள் எதைச் சாப்பிட்டாலும் நான் உதட்டைத்தான் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. புருவத்தை மேலே தூக்கிக்கொண்டு மெல்லுகிறாள், அப்படியே அவள் அப்பா மாதிரி. அடுத்து எதைக் காட்டலாம் என்று கண் கண்ணாடிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு எது?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

எனக்கு என்று எதையும் நான் யோசித்திருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது, விழுங்கிக்கொண்டேன். விரலால் காட்டலாம் என்று பார்த்தால், வலது கை இன்னும் கைப்பைக்குள் ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஊசியை விட்டுவிட்டு, கையை வெளியே எடுத்து, வெள்ளையைக் காட்டினேன்.