பை வைத்திருந்த சீட்

செஞ்சியில் நான் ஏறிய விழுப்புரம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஒருவர் மட்டும் பக்கத்துச் சீட்டில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆள் வருதா சார்?"

அவர் பின்படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறச் சட்டை, கறுப்பு பேண்ட், கழுத்தில் விசில். அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். பின்படியில் பந்தும் கையுமாக நின்ற நாலைந்து பாஸ்கெட்பால் பையன்கள் அவரை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், பசங்களுக்கு உங்க மேல இவ்ளோ கோவம்?"

"இன்னிக்கு மேட்ச்சுக்கு நான்தான் ரெஃப்ரி. அவங்க போட்ட கடைசி பாஸ்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேங்க. எதிர் டீம் பையன் அசையாம நின்னுட்டிருந்தான். இவன் ஓடிப்போய் அவன் நெஞ்சுல மோதிட்டுத்தான் பந்தைப் போட்டான். அது ஃபவுல். பந்து உள்ள வுழுந்தாலும் பாயிண்ட் கிடையாது. தோத்துட்டாங்க."

"நம்ம பக்கத்துப் பசங்கதான? கண்டும் காணாம வுட்டிருக்கலாம்."

விசிலைத் தேய்த்த விரல் நின்றது.

"மோதுனவன் என் அக்கா மவன். இன்னும் நீல பனியனை மாத்தாம நிக்கிறானே, அவன்தான். காலைல வரும்போது என் பக்கத்துச் சீட்டுலதான் உக்காந்து வந்தான்."

சொல்லிவிட்டு மறுபடியும் பின்படியைத் திரும்பிப் பார்த்தார்.

மண்டகப்பட்டில் நான் எழுந்ததும், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் உட்காரப் போனாள். அவர் சட்டென்று பையை அங்கே வைத்தார்.

"ஆள் வருதும்மா."

ரூல் பேசுகிற மனுஷர் செய்கிற வேலையா இது? எனக்குக் கோபம் வந்தது. இறங்கி நின்று பார்த்தேன். பையின் மேல் கை வைத்தபடி அவர் பின்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல பனியன் பின்படியிலேயே தொங்கிக்கொண்டு போனான்.