லிஃப்ட்காரரின் முதுகு

லிஃப்ட்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். பழுது என்று கூப்பிடுகிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் கீழ்த்தளத்துக் கதவைத்தான் காட்டுவார்கள். "இங்கதாங்க நிக்குது, இதைப் பாருங்க" என்பார்கள். இவர் பதிலே பேசாமல் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். மோட்டார் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்ப்பார். "நின்ன இடமும் கெட்ட இடமும் ஒண்ணா? படிச்சவங்கன்னு பேரு!" ஹோட்டல் சலவைப் பிரிவில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள், கல்யாணமான நாளிலிருந்து இந்தப் புராணத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் வலது கால் இழுக்க ஆரம்பித்தது. முதலில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தார். பிறகு இரண்டு காலும் விறைத்துக்கொண்டன. கழிவறைக்குள் போனால் வெளியே வர நேரமானது. அவள் கதவைத் தட்டினால், "வர்றப்பதான் வரும், சும்மா இரு" என்று எரிந்து விழுந்தார். மாடிப்படி ஏற முடியாத லிஃப்ட்காரரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? அவருக்கு அந்தக் கவலை இருந்ததோ இல்லையோ, அவளுக்கு இருந்தது.

இழுத்துக்கொண்டு போகாத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், கால் எகிறியது. உள்ளங்காலில் சாவியால் கீறினார். கீழே மடங்க வேண்டிய கட்டைவிரல் மேலே எழும்பியது. அதைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"தண்டுவடத்தை ஏதோ அழுத்துது. முதுகு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. விலா எலும்பு இருக்கிற பகுதி."

"கோளாறு கால்ல டாக்டரம்மா. வலிச்சாலும் இடுப்புலதான் வலிக்குது. முதுகுல எதுக்கு?"

"காலை ஆட்டி வைக்கிற தண்டுவடப் பகுதி முதுகுலதான் இருக்கு. கருவுல தண்டுவடமும் முதுகெலும்பும் ஒரே நீளம். அப்புறம் எலும்பு கிடுகிடுன்னு வளர்ந்துடும், தண்டுவடம் அந்த அளவுக்கு வளராது. பெரியவங்களுக்கு இடுப்பு முதல் எலும்பு, ரெண்டாவது எலும்புகிட்டயே அது முடிஞ்சிடும். அதுக்குக் கீழ வெறும் நரம்புக் கத்தைதான்."

லிஃப்ட்காரர் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார். "இடுப்பு எலும்புக்கும் ஒண்ணு ரெண்டு மூணுதான், தண்டுவடத்துக்கும் ஒண்ணு ரெண்டு மூணுதான் போட்டிருக்கு. அப்போ நேருக்கு நேராத்தானே இருக்கணும்?"

"நம்பர் ஒண்ணுங்க, இடம் வேற. கழுத்துல ஒரு எலும்பு அளவுதான் வித்தியாசம். கீழ போகப் போகக் கூடிக்கிட்டே போகும். தண்டுவடத்தோட இடுப்புப் பகுதி, முதுகோட பத்தாவது எலும்புகிட்டயே ஆரம்பிச்சிடும்."

தெருவுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் சிரித்தார். "ஒண்ணாம் நம்பர் வீட்டுக்காரனைப் பத்தாம் நம்பர் வீட்டுல தேடணுமாம்! நல்லா இருக்கு கதை."

"அவங்க சொன்னதை எடுத்துத் தொலைச்சா என்னங்க?"

"வலிக்கிறது எனக்கா, அவங்களுக்கா?"

டாக்டர் சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வேறொரு ஸ்கேன் சென்டரில் போய் "இடுப்பு எடுங்க" என்றார். எடுத்தார்கள். வயசுக்கேற்ற தேய்மானம், வேறொன்றுமில்லை என்று வந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், லாட்டரி விழுந்தவர் தோற்றார். அதற்கப்புறம் தைலம், களிம்பு, வெந்நீர்ப் பை. டாக்டரம்மாவிடம் படத்தைக் காட்டவாவது போகலாம் என்று அவள் சொல்லாத நாளில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் யார் என்ன பேசுவது? இஸ்திரி மேசையில் நின்றுகொண்டு, யாருடைய சட்டை மீதோ தன் ஆத்திரத்தையெல்லாம் அழுத்தித் தேய்த்தாள்.

மாதங்கள் போயின. காலை இழுத்துக்கொண்டே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒருநாள் மோட்டார் அறைக்குப் போகிற படியில் கால் மடங்கி விழுந்தார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்தான் பழுதாயிற்றே! காவலாளியும் இன்னும் இரண்டு பேருமாக அத்தனை மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

இந்த முறை முதுகை எடுத்தார்கள். டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பழைய படம் பதினோராவது எலும்போட நின்னுடுச்சு. கட்டி பத்தாவதுல. ஒரே ஒரு எலும்பு மேல எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." லிஃப்ட்காரர் பழைய படத்தைக் கையில் எடுத்து, அதன் மேல் விளிம்பையே பார்த்தார்.

கெட்ட கட்டி இல்லை. எடுத்துவிட்டார்கள். ஆனால் நெடுநாள் நசுங்கிக் கிடந்த தண்டுவடம் எவ்வளவு தேறும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து சன்னல் வரை போவார், வருவார். அதற்கே வியர்த்துவிடும்.

அப்படிப் போய் வந்து உட்கார்ந்திருந்தபோதுதான் போன் வந்தது. அவர் விழுந்த அதே கட்டடத்துக் காவலாளி. குரல் அவளுக்கும் கேட்டது.

"அண்ணே, கீழ்க் கதவு திறக்க மாட்டேங்குது. புதுசா ஒரு ஆள் வந்து கதவையே நோண்டிக்கிட்டிருக்கார். என்ன செய்யச் சொல்ல?"

"கதவை விடச் சொல்லு. மேல போய்..." என்று ஆரம்பித்தவர், மனைவி தன்னையே பார்ப்பதைக் கண்டு நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க. ஊராருக்கெல்லாம் நல்லாத்தானே சொல்லுவீங்க," என்றாள்.

அவர் போனை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லிடு. நான் சொன்னா எனக்கே கேவலமா இருக்கு."

அவள் வாங்கிக்கொண்டாள். "மேல போய்ப் பார்க்கச் சொல்லுங்க தம்பி," என்று சொல்லி வைத்தாள். பிறகு நடைச்சட்டத்தை அவர் கைக்கெட்டும்படி தள்ளிவிட்டு, "எழுந்திரிங்க. இன்னொரு நடை," என்றாள்.