டெஸ் ஹாகார்ட்டின் கனத்த தூண்டில்

டெஸ் ஹாகார்ட் தூண்டில் கோலின் நுனி வளையத்தை வாயில் வைத்துச் சப்புகிறார். தென்கோளத்தின் ஜூன் மாதக் குளிர் தொடங்கிவிட்டால் டோங்காரிரோ ஆற்றில் விடிகாலையில் வளையங்களைப் பனி அடைத்துக்கொள்ளும், நூல் ஓடாது. மற்றவர்கள் நகத்தால் சுரண்டுவார்கள். டெஸ்ஸின் விரல்கள் எழுபதைத் தாண்டியவை, குளிரில் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நாக்கு மட்டும் இன்னும் கேட்கிறது.

"காலைப் பலகாரம் ஆச்சா பெருசு?" என்பார் கரையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும் விரேமு.

"ஆச்சு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

பிறகு தடியை ஊன்றி ஆற்றில் இறங்குவார். தடி இல்லாமல் முழங்கால் தண்ணீரில்கூட அடியெடுத்து வைக்கமாட்டார். தம்பி காலின் இதற்கு நேர்மாறு. "தடியெல்லாம் கெழவிங்களுக்குண்ணே" என்பார். காலின் பிடித்த மீன்கள் அவர் வாயிலேயே வளர்ந்துகொண்டிருக்கும். ஒருமுறை அவர் தூக்கிய டிரவுட் மீனால் ஆறு ஒரு விரற்கடை வற்றிப்போய், கீழே நீந்திய வாத்துகள் தரைதட்டி நின்றனவாம். போன ஜூனில் இதே ஆற்றின் சாம்பல் மடுவில் அவருக்குக் கால் வழுக்கியது. சிவப்புக் கம்பளிக் குல்லா மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. முக்குளிப்பவர்கள் உடலைத் தேடி ஓய்ந்தார்கள்.

குல்லாவைப் பின்னிக் கொடுத்தவள் காலினின் மனைவி நோரீன். "ஒரு எலும்பு கெடச்சாலும் போதும் டெஸ், குழி வெட்டி மண்ணைப் போட்டுருவேன். இப்பவும் கதவு தட்டுற சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடுறேன்."

அதிலிருந்து டெஸ் மீன் பிடிப்பதில்லை. பக்கத்து ஊற்றோடையின் கண்ணாடித் தண்ணீரில், கொசு அளவுப் பொய்ப்பூச்சியை நூலில் கட்டிக்கொண்டு அண்ணனும் தம்பியும் மூச்சடக்கி நின்ற இடத்தை எட்டியும் பார்ப்பதில்லை. மடுவுக்குத்தான் வருகிறார். இறகு சுற்றிய முள்ளுக்கு ஈயத்தை இரட்டிப்பாக ஏற்றி, அடித்தரையை வாருவதுபோல் இழுக்கிறார். முட்டையிட மேலேறும் டிரவுட்டுகள் அவர் காலை உரசிக்கொண்டு போகின்றன. அவர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

மடுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருதரம் வீசினால் ஓரடி கீழே நகர வேண்டும். வரிசையில் எவரும் நின்ற இடத்தில் வேர்விடக் கூடாது. டெஸ்ஸின் முள் அடியில் மாட்டிக்கொண்டால் மட்டும் வரிசை முழுக்க அப்படியே நின்றுவிடும். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை.

இன்று காலை அவருக்குப் பின்னால் நின்றவர் ஆக்லாந்து நகரத்திலிருந்து வந்தவர், புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. டெஸ்ஸின் நூல் விறைத்து நின்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தாத்தா, மீன் புடிக்கிறீங்களா, ஆத்தை உழுறீங்களா? நகருங்க."

"வாயை மூடிட்டு நில்லுய்யா," என்றார் விரேமு, திரும்பாமலே.

கல்லில் மாட்டினால் கோல் மரமாகிவிடும். கட்டையில் மாட்டினால் ஆற்றோடு சேர்ந்து ஆடும். இது இரண்டும் இல்லை. மெத்தென்று கொஞ்சம் வந்தது, இழுபட்டது, பிறகு விட்டுவிட்டது. டெஸ் அவசரப்படாமல் நூலைச் சுருட்டினார். முள்ளின் நுனியில் விரல் நீளத்துக்குக் கம்பளி இழை ஒன்று. ஓராண்டு ஆற்றில் ஊறியும் அதன் சிவப்பு முழுக்கப் போகவில்லை.

"என்ன அது?" என்றார் ஆக்லாந்துக்காரர்.

"பாசி."

விரேமு தன் நூலைச் சுருட்டத் தொடங்கினார். வரிசையில் ஒவ்வொருவராகச் சுருட்டினார்கள்.

டெஸ் இழையைப் பிழிந்து கையுறைக்குள், உள்ளங்கையோடு ஒட்டச் செருகிக்கொண்டார். எதிர்க்கரையில் சாய்ந்திருந்த மரத்தைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார், இடத்தை மனதில் குறித்துக்கொண்டார். பிறகு தடியை இரண்டு கற்களின் இடுக்கில் ஆழமாக இறக்கி, அசைத்துப் பார்த்தார். அது நீரோட்டத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டு, தடியில்லாமல் கரையை நோக்கி முதல் அடியை வைத்தார்.