ஆது கூட்டத்தில் வாப்பா

எங்கள் வீட்டில் கால்பந்து பார்ப்பது என்றால், மாமா ஆட்டத்தைப் பார்ப்பார், நாங்கள் மாமாவைப் பார்ப்போம். ஆட்டத்தைவிட அதுதான் விறுவிறுப்பாக இருக்கும். கோல் விழப்போகிற நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தாலும் முதுகில் ஓர் அறை விழும். ஒருமுறை உம்மாவுக்கே விழுந்தது. உடன்பிறந்த அண்ணன் என்பதால் அவள் திருப்பிக் கொடுக்க முடியாமல், "என்ன காக்கா நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முதுகைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

மாமா ஓர் அரபுநாட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, முதுகுவலியோடும், அந்த நாட்டுக் கால்பந்து லீக் மேல் தீராத பைத்தியத்தோடும் திரும்பி வந்தவர். அந்த ஊர்ச் சேனல் கிடைக்க வேண்டும் என்று எங்கள் மொட்டைமாடியில் பெரிய டிஷ் ஒன்றை நட்டு வைத்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் கீழே வந்தால் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். சுற்றிலும் வாழை. காற்று அடித்து டிஷ் ஓர் அங்குலம் திரும்பிவிட்டால் மாமா மாடியில் நின்று கத்துவார், நான் கீழே நின்று "வந்துட்டு, போயிட்டு" என்று பதில் கத்துவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வாப்பா அதே நாட்டில்தான் இருந்தார். பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் என்று ஊரில் சொல்வோம். நான் யாரும் கேட்காமலேயே சொல்வேன். அந்த வருஷம் என் லாத்தாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா. வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் உம்மா எந்தப் பேச்சை எடுத்தாலும் சூப்பர்வைசரில் கொண்டுவந்து முடிப்பாள்.

லீக் தொடங்கி மூன்று வாரமோ நான்கு வாரமோ ஆகியிருக்கும். சாயங்கால மஹ்ரிப் தொழுகை முடிந்து மாமா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பந்து வெளியே போனதும் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் வாப்பா இருந்தார்.

வெள்ளை அங்கி, தலைத்துணி, அதன்மேல் கறுப்பு வளையம். ஆள் அப்படியே அரபிக்காரர். ஆனால் இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு ஒன்று வாப்பாவுக்கு உண்டு. அதை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். "வாப்பா! வாப்பா!" என்று குதித்தேன். அதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது.

"கூட்டாளி எவனாவது டிக்கெட் குடுத்திருப்பான்," என்றார் மாமா. அன்று அவர் யார் முதுகிலும் அறையவில்லை.

"அவியளுக்கு ஏது காக்கா அந்த உடுப்பு?" என்று உம்மா கேட்டாள். மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் தரையில் நடக்கவில்லை. எங்கள் வாப்பா டிவியில் வந்தார் என்று மூன்று வகுப்புகளுக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமும் வந்தார். முதல் வாரம் மஞ்சள் துண்டு கழுத்தில் இருந்தது, இந்த வாரம் சிவப்பு. அதற்கு அடுத்த வாரம் பச்சை. டீம் மாறிய குற்றத்துக்காகப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்த எங்கள் மாமா, வாப்பா வாராவாரம் டீம் மாறுவதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

பிறகு மற்றவர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். அத்தனை பெரிய மைதானத்தில் கேமராவுக்கு எதிரே இருக்கிற ஒரு பகுதியில் மட்டும்தான் ஆட்கள். மற்ற இடமெல்லாம் காலி நாற்காலிகள். அந்த ஆட்களும் எல்லா வாரமும் ஒரே ஆட்கள். தாடையில் மச்சம் உள்ளவர், ரொம்ப உயரமான ஒருவர், எப்போதும் சேர்ந்து உட்காரும் இரண்டு ஒல்லிப் பையன்கள், அப்புறம் வாப்பா. ஒருத்தர்கூடப் பந்தைப் பார்க்கவில்லை. பந்து இந்தக் கோடியில் கிடக்கும்போது அவர்கள் கண் எங்கேயோ கீழே இருக்கும். ஒன்றுமே நடக்காத நேரத்தில் திடீரென்று எல்லோரும் ஒன்றாகக் கை தட்டுவார்கள். ஒன்றாக நிறுத்துவார்கள். கோல் விழுந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பு மட்டும் யார் முகத்திலும் வந்ததில்லை.

உம்மாவும் பார்க்க ஆரம்பித்தாள். கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "லீக் முடிய இன்னும் எத்தன ஆட்டம் காக்கா இருக்கு?" மாமா சொல்லும் எண்ணிக்கை குறையக் குறைய அவள் முகம் சுருங்கிக்கொண்டே போகும். ஜெயித்தது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நாட்களில்தான் மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா எங்களுக்கு ஆது கூட்டத்தின் கதையைச் சொன்னார். பழங்காலத்தில் வாழ்ந்த பலசாலிகள், உயரமான தூண்கள் வைத்துக் கட்டிடம் கட்டியவர்கள், ஆணவத்தால் அழிந்தவர்கள். ஏழு இரவும் எட்டுப் பகலும் காற்று அடித்து, இருந்த இடத்திலேயே உளுத்த மரம்போல ஆகிவிட்டார்கள் என்று சொன்னார். அன்று முழுக்க வாழைத்தோப்பில் காற்றுச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் வாப்பா இருந்தார். திரையின் மூலையில் ஓர் அரபுச் சொல் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் அரபு ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. எழுத்துக் கூட்டினேன். ஐன், அலிஃப், தால். ஆது. முன்னால் ஓர் எழுத்தும் பின்னால் ஓர் எழுத்தும் கூடுதலாக இருந்தன. அதை நான் கண்டுகொள்ளவில்லை. காலியான மைதானம், பெரிய தூண்கள், வரிசையாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், மூலையில் அவர்கள் பெயர். எனக்கு வேறென்ன வேண்டும்?

அப்போது போன் அடித்தது. உம்மா எடுத்துப் பேசிவிட்டு, "வாப்பாட்ட பேசு," என்று என் காதில் வைத்தாள்.

"என்னம்மா, சாப்பிட்டியா?" வாப்பாவின் குரல்தான்.

டிவியில் வாப்பா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் போன் இல்லை. உதடு அசையவில்லை.

"வாப்பா, நீங்க எங்க இருக்கிய?"

"ரூம்லதாம்மா. இப்பதான் சாப்பிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் குரலுக்குப் பின்னால், போனுக்குள், டிவியில் கத்திக்கொண்டிருந்த அதே அரபு வர்ணனைக்காரன் கத்திக்கொண்டிருந்தான். அதே சொற்கள். கொஞ்சம் பிந்தி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டன.

"அப்ப டிவியில இருக்கது யாரு?" என்றேன்.

போனில் வர்ணனைக்காரன் மட்டும் கத்தினான். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. நான் போனைக் கீழே போட்டுவிட்டு உம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். அதன் பிறகு இரண்டு மாதம் வாப்பாவிடம் பேசவில்லை. போன் வந்தாலே கக்கூசுக்குள் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். இரண்டு வாப்பாவில் எது எங்களுடையது என்று தெரியாமல் எப்படிப் பேசுவது? உம்மா ஒருநாள் அடித்தும் பார்த்தாள். நான் காரணம் சொல்லவில்லை, சொன்னால் டிவியில் இருக்கும் அது காதில் வாங்கிக்கொள்ளும் என்று பயம்.

லீக்கின் கடைசி ஆட்டத்தன்று லாத்தாவைப் பேசி முடிக்க ஆள் வந்தது. மாப்பிள்ளையின் பெரியவாப்பா. வெண்தாடி, கனத்த உடம்பு, அவரும் அந்த நாட்டில் வெகுகாலம் இருந்தவர். பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நேராக டிவியைக் காட்டி, "லீக்கா? வையும் வே, பாப்போம்," என்றார். விருந்தாளி கேட்டபின் மாமாவால் எப்படி மறுக்க முடியும்? வைத்தார். நான் மூலையைப் பார்த்தேன். அன்று ஆது இல்லை, வேறு ஏதோ எழுத்து.

"இந்தக் கூட்டத்தப் பாத்தீரா?" என்றார் பெரியவர். "பந்து எங்க கெடக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எல்லாம் கம்பெனி மூடி, சம்பளமும் இல்லாம, ஊருக்கும் வர முடியாம நிக்குத நம்ம பயலுவ. அரபி உடுப்ப மாட்டி, சோறு போட்டு உக்கார வச்சிருவான். கீழ ஒருத்தன் நிப்பான், அவன் டிவியில தெரிய மாட்டான். அவன் கையத் தூக்குனா தட்டணும், எறக்குனா நிறுத்தணும். உள்ளங்கை எரியும் பாத்துக்கிடும்."

"அப்படியா?" என்றார் மாமா, ஒன்றும் தெரியாதவர்போல.

கேமரா திரும்பியது. வாப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது. அன்று பார்த்துக் கேமராக்காரனுக்கு அந்த முகம் பிடித்துவிட்டது போலும், நகரவே இல்லை. பெரியவர் முன்னால் குனிந்தார். புருவத்தின் கோட்டைப் பார்த்தார். தலையைத் திருப்பிச் சுவரில் மாட்டியிருந்த வாப்பாவின் போட்டோவைப் பார்த்தார். வாசற்படியில் உம்மா சாயாத் தட்டோடு நின்றாள். மாமாவின் கையில் ரிமோட் இருந்தது, விரல்தான் அசையவில்லை. பக்கத்து அறைக் கதவின் பின்னால் லாத்தா நிற்பது எனக்குத் தெரியும்.

"ஏம்மா," என்று பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "இது ஒன் வாப்பாதான?"

எனக்கு அன்று தெரிந்தது ஒன்றுதான். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதுதான் வீட்டுக்கு வரும். போனில் பேசிய உண்மையான வாப்பா அங்கே ரூமிலேயே கிடப்பார்.

"இல்ல," என்று கத்தினேன். "அது எங்க வாப்பா இல்ல! அது ஆது கூட்டம்!"

நான் கத்திய அதே நொடியில், டிவியில் இருந்தவர் தலைத்துணியின் நுனியை இழுத்து, கண்வரை முகத்தை மூடிக்கொண்டார். அது தற்செயல் என்று இப்போது எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பெரியவர் என்னைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். மடியில் மல்லாந்து கிடந்த தன் உள்ளங்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "புள்ளயே இல்லேங்குது, பெறவென்ன?" என்றார். "அத அமத்தும் வே. சாயா ஆறுதுல்லா, கொண்டாங்கம்மா."

நிக்காஹ் நாள் அன்றே குறிக்கப்பட்டது. அவர் போனபின் உம்மா, விருந்தாளிக்குச் செய்த வட்டலப்பத்தில் மீதியை எனக்கே ஊட்டினாள். ஊட்டும்போதே, அணைத்திருந்த டிவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் ஆது கூட்டத்தின் மேல் பயம்போல என்று நினைத்தேன். பிறகு, "லீக் முடிஞ்சுட்டா காக்கா?" என்று கேட்டாள். "முடிஞ்சுட்டு," என்றார் மாமா. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு கால்பந்து லீக் முடிந்ததற்கு அப்படி அழுத மனுஷியை நான் அதற்கப்புறமும் பார்த்ததில்லை.

கல்லூரியில் அரபு படித்தபோதுதான் அந்தச் சொல் எனக்கு மறுபடி கிடைத்தது. விட்டுப்போன இரண்டு எழுத்தையும் சேர்த்தால் அது ஆது இல்லை, இஆதா. மறுபடி. டிவியில் போட்டால் மறு ஒளிபரப்பு. முந்தின நாள் ஆட்டத்தை, கேமராவில் யார் முகம் மாட்டியிருக்கிறது என்று பார்க்க, வாப்பாவின் அறையில் இருந்த எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்களாம். நான் வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாப்பாவும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை மாமாதான் பிறகு சொன்னார். உள்ளங்கை எரியும் என்று அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை. லாத்தா அந்த வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஊருக்கு வர எப்படியோ வழி கிடைத்து, நிக்காஹுக்குக் கொஞ்ச நாள் முன்னால் வாப்பா வந்தார். கையில் ஒரே ஒரு சின்னப் பை. நான் ஒரு நாள் முழுக்கக் கிட்டே போகவில்லை. மறுநாள் சாயங்காலம், "வா, ஆத்துக்குப் போவோம்," என்றார். ஓர் அடி தள்ளியே நடந்தேன். மணலில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்தோம்.

"டிவியில வந்தது வாப்பா இல்லன்னு சொன்னியாமே?" என்று மெதுவாகக் கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தார். "சரியாத்தான் சொன்னே. அது வாப்பா இல்ல."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே! நகர்ந்து போய் அவர் மடியில் சாய்ந்துகொண்டேன். அப்போது ஒரு பையன் கோல் போட்டான். எல்லோரும் ஊளையிட்டார்கள், நான் கை தட்டினேன். வாப்பா சட்டென்று என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டார். கை சொரசொரவென்று இருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து, கையை உருவிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகவே இன்னும் பலமாகத் தட்டினேன். வாப்பா முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீரில் பட்ட வெயில் கண் கூசுகிறது போல, அதனால்தான் கண்ணைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.