பாலேஸ்வரி வீட்டுக் காத்தோட்டிக்காய்

ஆடி அமாவாசைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்துதான் அச்சுவேலிச் சந்தைக்குக் காத்தோட்டிக்காய் வரும். மற்ற நாட்களில் அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பாகற்காய் தோற்றுப்போகும் கைப்பு. ஆனால் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அந்த ஒரு நாள் விரதமிருந்து, கீரிமலையில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து உண்ணும் சோற்றில் அந்தக் காய் இல்லாவிட்டால் விரதம் நிறைவாகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதைத் தோட்டத்தில் நட்டு வளர்ப்பாரும் இல்லை. கடற்கரைப் பற்றைக்குள் புகுந்து, கொக்கி கொக்கியாக வளைந்த முள்ளுக்குள் கையைவிட்டுப் பறிக்க வேண்டும். வளலாய்க் கரையில் அப்படிக் கையை விடுகிறவள் பாலேஸ்வரி. ஊருக்கெல்லாம் காய் கொடுத்த அவள் வீட்டில் மட்டும் அது ஒரு வருடமும் சமைக்கப்பட்டதில்லை.

அவள் கடற்றொழில் குடும்பத்துப் பெண். படகும் வலையும் ஆண்களோடு போய்விட்டன. கரை அவளுக்கு மிஞ்சியது. மாரி முடிந்ததும் உவர் நிலத்தில் உமிரிக் கீரை துளிர்க்கும். நுனியைக் கிள்ளி வந்து, அவித்து உப்பைப் போக்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தால் சோறு தானாக இறங்கும். தொண்டைமானாற்றுத் தண்ணீர் வற்றும்போது சேற்றைக் காலால் துழாவி மட்டிச் சிப்பி பொறுக்குவாள். வெயில் ஏற ஈச்சம்பழம், மழை தொட்டால் வேலிகளில் முசுட்டை இலை. இராணுவம் விட்டுப்போன நிலமெல்லாம் பற்றை மண்டிக் கிடந்தபோது, திரும்பி வந்த சனம் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றது. பாலேஸ்வரி பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் போனாள் என்று சொன்னால் அது பொய். அவளுக்கு அந்தக் கரை பிடிக்கும். செருப்பைக் கழற்றித் தாழை மரத்தடியில் போட்டுவிட்டு, முருகைக்கல் இடுக்குகளில் தேங்கிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் வைத்தபடி நடப்பாள். உமிரியை ஆய்ந்துகொண்டே ஒரு கொத்தைப் பச்சையாக வாயில் போட்டுக் கடிப்பாள். ஆட்காட்டிக் குருவி தன் முட்டையைத் திருட வந்தவளைப்போல அவளைப் பார்த்துக் கத்தும். அவளும் நின்று, "உன்ரை முட்டை ஆருக்கடி வேணும், வாயைப் பொத்து" என்று பதிலுக்கு ஏசுவாள். கடகம் நிரம்பிய பிறகும் வீட்டுக்குத் திரும்ப மனம் வராமல், கடலைப் பார்த்துக்கொண்டு கல்லில் இருப்பாள்.

ஊர் அதற்கு வேறு கதை வைத்திருந்தது. கோகுலன் தவழத் தொடங்கிய வருடம், சண்டைக் காலத்தில், அவள் புருசன் சிவகரன் இன்னும் சிலரோடு இந்தியாவுக்கென்று படகேறினான். படகு கவிழ்ந்ததாகச் செய்தி வந்தது. இரண்டு பேரின் உடல் கரையொதுங்கியது, சிவகரனின் உடல் வரவில்லை. அதனால் பாலேஸ்வரி கல்லில் இருந்து கடலைப் பார்ப்பதைக் கண்டவர்களுக்கு நெஞ்சு உருகியது. நெற்றியில் அழியாத குங்குமம், ஆடி அமாவாசையில் சமைக்காத காத்தோட்டிக்காய், இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தி என்று பேசிக்கொண்டார்கள். சந்தையில் பக்கத்தில் கீரை விற்கும் அயல்வீட்டுப் பத்மாசினி ஒவ்வொரு வருடமும் மறக்காமல் கேட்பாள்.

"பாலேஸ், உனக்கெண்டு நாலு காய் எடுத்து வைக்கேல்லையோ?"

"எங்கடை வீட்டிலை உதுக்கு வேலை இல்லை அக்கா."

பத்மாசினி உடனே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பாள். நம்பிக்கை என்று நினைத்துத் துடைத்தாள், பாவம். பாலேஸ்வரியிடம் இருந்தது நம்பிக்கை இல்லை. அவளுக்குத் தெரியும்.

சமாதான காலத்தில், பாதை திறந்திருந்தபோது, பிரான்சிலிருந்து சந்நிதிக் கோயில் தேருக்கு வந்த ஊர்க்காரர் பஞ்சலிங்கம் அவளைத் தனியே கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, சொன்னாலும் பாவம், சொல்லாமல் போனாலும் பாவம். சிவகரன் இருக்கிறான். பாரிசிலைதான். நான் கண்டு கதைச்சனான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோசத்தில் வந்த சிரிப்பு. அது முடிவதற்குள் அவர் மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

"அங்கை ஒரு குடும்பம் இருக்கு. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

பாலேஸ்வரி கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்களைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

பஞ்சலிங்கம் தன் செருப்பைப் பார்த்தார். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

"அண்ணை, உதை இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. அப்பா கடலிலை செத்துப்போட்டார் எண்டு பெடியன் நினைச்சுக்கொண்டிருக்கிறான். அது அப்பிடியே இருக்கட்டும்."

அன்றைக்கு அவள் எடுத்த முடிவு அது. வேண்டாம் என்று விட்டுப்போன தகப்பனைவிட, வர முடியாமல் செத்துப்போன தகப்பன் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தாள். கோகுலன் அந்தத் தகப்பனோடுதான் வளர்ந்தான். ஆனால் காத்தோட்டிக்காய் விசயத்தில் மட்டும் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது சாபம். அவளுக்கு இருந்த கோபத்துக்குக் கடகம் கடகமாகச் சமைத்திருக்கலாம். எந்த நாடென்றாலும் அந்த மனுசன் உயிரோடு இருக்கட்டும் என்று, முள்ளுக் கீறிய கையோடு அத்தனை காயையும் ஊருக்கு விற்றுவிட்டு வெறும் கடகத்தோடு வீடு திரும்பினாள். அந்தளவுக்கு அவனுக்கு அவள் மரியாதை செய்தாள். அவன் அதற்கு லாயக்கானவன் இல்லை என்பது என் கட்சி.

பள்ளிக்கூடக் காலத்தில் கோகுலன் ஒருமுறை கேட்டான். "வகுப்பிலை அப்பா இல்லாத பெடியள் எல்லாம் விரதமாம். நானும் பிடிக்கட்டோ அம்மா?"

"உனக்குத் தேவையில்லை ராசா."

அவன் தாயின் நெற்றியைப் பார்த்தான். பிறகு கேட்கவே இல்லை.

பஞ்சலிங்கத்தின் அழைப்பு இந்த வருடம் வைகாசியில் வந்தது. மட்டியை உரலடியில் கொட்டிவிட்டுக் கைபேசியை எடுத்தாள்.

"பிள்ளை, சிவகரன் செத்துப்போட்டான். மாரடைப்பு. எல்லாம் முடிஞ்சுது. கொள்ளி வைக்க ஆம்பிளைப்பிள்ளை இல்லை, மூத்த பெட்டைதான் எரிக்கிற மிசினிலை பொத்தானை அமத்தினது. அப்பதான் உன்ரை பெடியன்ரை ஞாபகம் வந்தது எனக்கு."

"சரி அண்ணை" என்றாள். மட்டியை அவித்து, சதையெடுத்து, கோகுலனுக்குக் குழம்பு வைத்தாள். தான் சாப்பிடவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு சாவுத் துடக்கை அவள் தனியாகக் காத்தாள். முப்பத்தொரு நாள் மீன் மச்சம் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் நோகுது என்றாள். குங்குமத்தை மட்டும் அழிக்கப் பயந்து அப்படியே விட்டுவைத்தாள்.

அழுகை கரையில்தான் வந்தது. சேற்றில் மட்டியைத் துழாவிக்கொண்டு நின்றபோது, காலுக்குக் கீழே ஒன்றும் தட்டுப்படாத ஒரு கணத்தில், குனிந்தபடியே விம்மத் தொடங்கினாள். அவன் செத்ததற்கு அழுதாளா, அவன் தன்னைக் கேட்காததற்கு அழுதாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஊர் முழுக்கத் தூற்றிய இந்தக் கடல் ஒரு பாவமும் செய்யவில்லை. அது அவளுக்கு உமிரியும் மட்டியும் கொடுத்துச் சோறு போட்டதைத் தவிர வேறொன்றும் அறியாது. அந்தத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டு கரையேறினாள்.

ஆடி பிறந்தது. பற்றைகளில் காய் முற்றிக்கொண்டு வந்தது. மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தாள். இனி அவன் தகப்பனில்லாத பிள்ளை. விரதம் அவன் கடமை. ஒளித்தால் போன உயிருக்கும் அநியாயம், இருக்கிற பிள்ளைக்கும் அநியாயம். வாயால் தொடங்கத்தான் வழி தெரியவில்லை. காயைக் கண்டால் அவனே கேட்பான், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அமாவாசைக்கு முதல்நாள் சந்தைக்குக் கடகத்தைக் கொண்டுபோகும் முன், நல்ல காயாகப் பார்த்து ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அவற்றைப் பிளந்து, விதை நீக்கி, சட்டியில் உப்புத் தண்ணீர் விட்டு ஊறப்போட்டாள். பிறந்த வீட்டில் தாய் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில்தான் செய்தாள்.

கோகுலன் அச்சுவேலியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். பொழுதுபட வந்து, ஒயில் கையைக் கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தவன், சட்டியைக் கண்டு நின்றான். பாலேஸ்வரி அடுப்படியில் இருந்து எழும்பவில்லை. அவன் கேட்கப் போகிறான் என்று காத்திருந்தாள். அவன் கேட்டது வேறு.

"விடிய எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும் அம்மா?"

"வெள்ளணப் போனால் நல்லது" என்றாள். சொல்ல வைத்திருந்ததைச் சொல்லாமல் அடுப்பை ஊதினாள்.

விடியற்காலையில் முழுகிவிட்டுக் குங்குமம் வைக்காமல் வெளியே வந்தாள். வேலிக்கு அங்கால் நின்ற பத்மாசினி அந்த நெற்றியைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கோகுலன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். போகும் வழியில் சொல்லலாம் என்றால் காற்று. கீரிமலையில் சொல்லலாம் என்றால் சனம். கரையில் வரிசையாக இருந்த ஐயர்மாரில் ஒருவர் முன்னால் கோகுலன் குந்தினான். தகப்பன் பெயரைக் கேட்டார் ஐயர். "சிவகரன்" என்று அவன் சொன்ன விதத்தில், அந்தப் பெயரை உரக்கச் சொல்லும் நாளுக்காக அவன் காத்திருந்தது தெரிந்தது. பிண்டத்தை ஏந்திக்கொண்டு கடலுக்குள் இறங்கியவன், மற்றவர்களைப்போல மூன்று தரம் முழுகிவிட்டு ஏறவில்லை. மார்பளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றான். தகப்பன் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறார் என்று நினைத்து நிற்கிறான். பாலேஸ்வரி தீர்த்தக் கேணியின் கட்டுச் சுவரில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் அவள் சிவகரனை வெறுத்ததுபோல ஒருவரையும் வெறுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து சமைத்தாள். பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய், பருப்பு, பொரித்த காத்தோட்டிக்காய். படையல் போடப் படம் இல்லையே என்று அவள் யோசித்தபோது, கோகுலன் தன் அலுமாரிக்குள் இருந்து பழந்துணியில் சுற்றிய ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தான். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருந்தான்.

"எப்பவோ செய்து வைச்சனான் அம்மா. உங்களுக்கு நோகுமெண்டு காட்டேல்லை."

இருபத்தைந்து வயதுச் சிவகரன் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தான். பாலேஸ்வரி அதற்கு முன்னால் இலை போட்டாள், கற்பூரம் கொளுத்தினாள். காகத்துக்கு வைத்தார்கள், காகம் உடனே எடுத்தது. பிறகு மகனுக்கு இலை போட்டாள். இப்போது சொல்லிவிட வேண்டும், இதைவிட்டால் இனி ஒருக்காலும் இல்லை என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

கோகுலன் காத்தோட்டிக்காயைக் கடித்து முகத்தைச் சுளித்தான். "கடும் கைப்பு."

"முதல்தரம் அப்பிடித்தான். மோனை, உனக்கு ஒண்டு சொல்லவேணும்."

"வேண்டாம் அம்மா. எனக்குத் தெரியும்."

அவள் கையில் அகப்பை நின்றது.

"அப்பா இல்லை எண்டு தெரிஞ்சும் நீங்கள் எனக்காகத்தானே இவ்வளவு காலமும் பொட்டோடை இருந்தனீங்கள். நான் எப்பவோ விளங்கிக்கொண்டிட்டன்." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பள்ளிக்கூடத்திலை ஒருத்தன் சொன்னவன், உன்ரை கொப்பர் சாகேல்லை, எங்கையாவது வேறை கட்டிக்கொண்டு இருப்பார் எண்டு. பல்லை உடைச்சு விட்டனான். எங்கடை அப்பா உயிரோடை இருந்திருந்தா, எங்களிட்டை வராமல் இருந்திருப்பாரே அம்மா?"

பாலேஸ்வரி கண்ணாடிக்குள் இருந்தவனைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஓம் மோனை" என்றாள். "இருந்திருந்தா வந்திருப்பார்."

சட்டியில் மிச்சமிருந்த காயையும் வழித்து அவன் இலையில் போட்டாள். அவன் ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டான்.