தையல்காரரின் லேசான கசிவு

என் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு தொழில். ஒன்று தையல். இன்னொன்று நோயாளியாக இருப்பது. தையலில் அவர் சுமார்தான். சட்டையில் ஒரு கை நீளமாகிப் போனால், "உங்க கைதான் சார் அப்படி" என்று வந்தவரையே நம்பவைத்து அனுப்பிவிடுவார். ஆனால் நோயாளி வேலையில் அத்தானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்றில் அவருடைய இதய வால்வு சரியாக மூடாமல் போய்விட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் பின்பக்கம் கசியும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் 'உஸ்' என்று கேட்கும். அவ்வளவு தெளிவான சத்தம் லேசில் கிடைக்காதாம். மருத்துவக் கல்லூரியில் வருஷா வருஷம் தேர்வு நடக்கும்போது, மாணவர்கள் தொட்டுப் பார்த்து என்ன நோய் என்று சொல்வதற்கு நிஜ நோயாளிகள் வேண்டும். அதற்கு அத்தானைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு அவர் பண்ணும் அலட்டலைப் பார்க்க வேண்டும். மழமழவென்று சவரம், சுலபமாகப் பட்டன் கழலும் சட்டை, கழுத்து வரை பவுடர். "கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பூசிக்கல" என்பாள் அக்கா. கடைத்தெருவில் எந்த டாக்டர் வண்டியில் போனாலும், "நம்ம நெஞ்சைப் பார்த்துப் பாஸான பையன்" என்பார் அத்தான். ஊரில் பாதிப் பேருக்கு வைத்தியம் நடப்பதே தன்னால்தான் என்று அவருக்கு நினைப்பு. அந்தப் பிள்ளைகள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

இதில் ஒரு கூத்து உண்டு. தையல்காரர் வந்தால் 'மைட்ரல் வால்வு, லேசான கசிவு' என்று மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிவைத்துவிடுவார்கள். அவர் உட்கார்ந்திருக்கிற கட்டில் தங்களுக்குக் கிடைத்தாலே பிள்ளைகள் முகத்தில் பல்லெல்லாம் தெரியும். பேருக்குக் குழாயை வைத்து எடுப்பார்கள். "மூச்சு வாங்குமா?" என்பார்கள். அத்தானும் பழைய பாட்டையே பாடுவார்: "மாடி ஏறினா கொஞ்சம். மத்தபடி ஒண்ணுமில்ல."

போன வருஷம் தேர்வு நெருங்கும்போது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டால் வாயு என்றார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று அக்கா மன்றாடினாள்.

"அதான் வருஷா வருஷம் அத்தனை டாக்டரு பார்க்கிறாங்களே, இதுக்கு மேல எவன் பார்க்கணும்?" என்றார்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்தத் தடவை நீ கூடப் போ. அங்க யார்கிட்டயாவது சொல்லுடா. எனக்குப் பயமா இருக்கு."

போனேன். தேர்வுக் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், நடுவே பச்சைத் திரைகள். அத்தான் தலைமாட்டில் எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. நான் வாயைத் திறந்தபோதெல்லாம் வார்டு ஊழியர் உதட்டில் விரலை வைத்தார். முதலில் வந்த பையன்கள் இருவரும் குழாயை வைத்தார்கள், ஒப்பித்தார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள்.

அடுத்து ஒரு பொண்ணு வந்தாள். வந்த அவசரத்தில் பேனா கீழே விழுந்தது. குனிந்தவள் உடனே எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றி இவ்வளவு நேரமாகியும் அத்தான் பாதத்தில் வார் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது. இன்னொரு காலிலும் அழுத்திப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்து கால் வீங்குது?"

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும்மா. நெஞ்சைப் பாரு. லேசான கசிவு. அதைச் சொல்லு, பாஸாயிடுவே."

"தெரியும் அங்கிள், சீனியர்ஸ் சொல்லிட்டாங்க" என்றாள் அவளும் மெதுவாக. "கொஞ்சம் படுங்க."

படுத்தார். படுத்த வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. அவளே முதுகில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தாள். "வீட்ல எப்படித் தூங்குறீங்க?"

அத்தான் கூரையைப் பார்த்தார். ஊழியரைப் பற்றி நான் கவலைப்படவில்லை. "உட்கார்ந்துக்கிட்டுத்தாம்மா தூங்குறார்" என்றேன்.

அவள் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நெஞ்சில் வைத்தாள். துடிப்பைத் தேடிக் கை பக்கவாட்டில் நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது. இதயம் பெருத்துவிட்டால் துடிப்பு இருக்கிற இடமே தள்ளிப் போய்விடுமாம். அப்புறம்தான் குழாயை எடுத்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

பேராசிரியர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் இடி. "ம், சொல்லு."

"மைட்ரல் கசிவு சார்." என்றாள். "லேசானது இல்ல. இதயம் திணற ஆரம்பிச்சிருக்கு."

"நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடிலேர்ந்து இவரை எனக்குத் தெரியும். லேசானது."

அந்த இடத்தில் "ஆமா சார்" என்று சொல்லியிருந்தால் அவள் பாஸ். அத்தான் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், ஒரு தடவை நீங்க கையை வச்சுப் பாருங்க."

இடி விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றும் விழவில்லை. அவர் அத்தானின் காலை அழுத்தினார். நெஞ்சைத் தொட்டார். குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்யா, இதை யார்கிட்டயும் சொல்லல?"

"பசங்க குழம்பிடுவாங்க சார். அவங்க படிச்சுட்டு வந்தது ஒண்ணு, நான் சொல்றது ஒண்ணா இருந்தா ஃபெயிலாயிடுவாங்கல்ல?"

எனக்கு வந்த கோபத்தில் இடம் பொருள் தெரியவில்லை. "நீங்க போய்ச் சேர்ந்துட்டா அக்காவை யாரு பார்த்துப்பா? இந்தப் பசங்களா?" என்று கத்தினேன். ஊழியர் இந்தத் தடவை உதட்டில் விரலை வைக்கவில்லை.

"நான் கேட்டிருக்கணும்" என்றார் பேராசிரியர். பிறகு அந்தப் பொண்ணைப் பார்த்து, "நீ பாஸ். வெளியில போய் அழு" என்றார்.

அத்தானை அங்கிருந்து அப்படியே இதய வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் மனுஷன் ஒரே அடம்.

"மாத்திட்டா அந்தச் சத்தம் போயிடும். அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?"

"நான் கூப்பிடுறேன்" என்றாள் அக்கா. "மூணு வேளையும் சாப்பிட வாங்கன்னு கூப்பிடுறேன். பேசாம போய்ப் படுங்க."

உலோக வால்வு வைத்தார்கள். நெஞ்சு நடுவே நீளமாகத் தையல். கண் விழித்துத் தெம்பு வந்ததும் அவர் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். "நேராத்தான் போட்டிருக்காங்க" என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பொண்ணு தினமும் வந்து காலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனாள். குழி விழாத அன்றைக்கு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இந்த வருஷமும் தேர்வுக்கு ஆள் அனுப்பினார்கள். பேராசிரியரே சொல்லிவிட்டாராம், மறக்காமல் தையல்காரரைக் கூட்டி வரச்சொல்லி. அக்கா மறுபடியும் என்னைத் துணைக்கு அனுப்பினாள். பயத்தினால் இல்லை, என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் வந்து சொல்வதற்காக.

முதல் பையன் கட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். சட்டைப் பட்டன் இடுக்கு வழியாகக் குழாயை விட்டான், எடுத்தான். "மைட்ரல் கசிவு சார். லேசானது."

"சட்டையைக் கழட்டச் சொன்னியா?" என்றார் இடி. "கையை வச்சியா?"

பையன் அவசரமாகச் சட்டையை விலக்கினான். நீளத் தழும்பைப் பார்த்து விழித்தான். பிறகு உள்ளங்கையை வைத்தான். உள்ளே வால்வு டிக் டிக்கென்று தட்டியதும் சூடு பட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான்.

அத்தானால் அடக்க முடியவில்லை. சிரித்தார். "சிரிக்காதீங்கய்யா, அவன் கேக்கணும்" என்றார் பேராசிரியர். சொல்லிவிட்டு அவரும் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அதைப் பார்த்து அத்தானுக்கு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தப் பையனும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நீளச் சிரிப்பு, நடுவில் ஒரு இருமல் இல்லை, ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.